இருபத்துமூன்றாம் நகர்வு

தம்பிரான் என் மேசைக்கு வந்து
போனைத் தூக்கிக் காட்டினார்.
"இந்தச் சனியனை உலக சாம்பியனாலேயே ஜெயிக்க முடியாது மேடம்,
என் மகன் எப்படி ஜெயிப்பான்?"
அவர் மகன் தோற்றது போனிடம் இல்லை.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்த
லுவாண்ட்லே என்ற பதினான்கு வயதிடம்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை,
போனைக் காட்டினார்.

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட் சமூகக் கூடம்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போய் நாலரைக்கு வந்தது.
மேசைகளை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம்.
கரண்ட் போனால் இங்கே டவரும் போகும்,
அதன் பேட்டரியைப் போன மாதமே யாரோ கழற்றிக்கொண்டார்கள்.
"டவர் எதற்கு மேடம், போனுக்குள்ளேயே இருக்கிறதே"
என்றார் தம்பிரான். அதுவும் சரி.

புகார் வந்தால் சோதிக்க வேண்டும், விதி.
பாக்கெட், பெல்ட், காது.
ஷூவைக் கழற்றச் சொன்னேன்.
இடது சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல்
எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே மடங்கிக்கொண்டது.
வேறொன்றும் இல்லை.

வார நாட்களில் எனக்கு நகராட்சி வேலை,
தண்ணீர் மீட்டர் கணக்கு.
வீட்டுக்குப் போகாமலே எண் எழுதும் ஆட்களை
எண்ணை வைத்தே பிடித்துவிடுவேன்.
மாதாமாதம் பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு.
நிஜக் குடும்பம் அப்படித் தண்ணீர் செலவழிக்காது.
கல்யாணம் வரும், குழாய் உடையும்,
ஒரு சாவு விழுந்து தெருவே வந்து கால் கழுவும்.
உண்மை கொஞ்சம் கோணலாக இருக்கும்.
இந்த ஒன்றை நம்பி இருபது வருஷம் சம்பளம் வாங்கிவிட்டேன்.

இரவு மடிக்கணினியில் ஆட்டத்தை ஏற்றினேன்.
முப்பத்தாறு நகர்வு.
இருபத்தெட்டில் எஞ்சினும் அவனும் ஒரே வாய்.
அடிவயிறு பிசைந்தது.

இருபத்துமூன்றில் நின்றேன்.
ராணியைக் கொடு, கொடு என்கிறது எஞ்சின்,
நாலே நகர்வில் கதை முடியும்.
அவனோ பதினோரு நிமிடம் யோசித்து
ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்கிறான்,
குளிருக்குக் கதவைச் சாத்துகிறவன் போல.

ஞாயிறு காலை, முதல் சுற்றுக்கு முன், கேட்டேன்.
"பார்த்தேன்" என்றான்.
"அப்புறம் ராணி இல்லாமல் நிற்க வேண்டும்.
பயமாக இருந்தது."

கிராண்ட்மாஸ்டர்களை இயந்திரம் வென்று
எத்தனையோ வருஷம். அந்த வழக்கு முடிந்துபோனது.
என் மேசைக்கு வந்திருப்பது வேறு வழக்கு:
நன்றாக ஆடியவன் மனிதன்தானா?
சாட்சிக் கூண்டில் ஒரு பயம் மட்டும்.

பயத்தையும் சொல்லித்தரலாம்.
வேண்டுமென்றே தடுமாறுகிற செயலிகள் இருக்கின்றன,
எவ்வளவு தடுமாற வேண்டும் என்று
முதலில் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும்.
தெரியும்.
ஆனால் அந்தப் பதினோரு நிமிடமும்
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
அவன் தன் மேலேயே உட்கார்ந்திருந்தானே,
அதை நான் பார்த்தேன். எஞ்சின் பார்க்கவில்லை.

புகார் நிரூபணமாகவில்லை என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டேன்.
அதன் பிறகுதான்
யாரும் கேட்காத ஒன்றைச் செய்தேன்:
கியூரன் தம்பிரானின் நகர்வுகளையும் எண்ணினேன்.
இருபத்தொன்பது.
லுவாண்ட்லேவை விட ஒன்று கூட.
மிச்சமிருந்த ஏழில் அவன் ராஜா செத்திருக்கிறார்.

பேட்டரி ஒன்பது சதவீதம் என்றது திரை.
பத்து மணிக்குத் தெரு மறுபடி இருட்டும்.
தவறாக எண் எழுதிய மீட்டர்காரனிடம்
நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு:
இரண்டு வீட்டுக்கும் போனாயா?

ஒரு வீட்டில்தான்
ஷூவைக் கழற்றச் சொன்னேன்.