நாலரை மணி நிழல்

பணகுடிக்குத் தெற்கே, தண்டவாளம் தாண்டி
மூணாவது காத்தாடிக்கு ராக்காவல் நான்.
பகலில் தூங்குகிறவனுக்குக் கோழி எதற்கு
என்று கேட்டாள் ஜெபக்கனி.
கேட்டுக்கொண்டேதான் தவிடு பிசைந்தாள்.

முதலில் வந்தது பெருவிடை.
வள்ளியூர்ச் சந்தையில் கால்கட்டித் தலைகீழாய்த் தொங்கியபோதும்
விலை பேசியவன் மணிக்கட்டையே
குறிபார்த்துக்கொண்டிருந்தது.
பிறகு நாலு வெள்ளை லெகான்.
ஞானசிகாமணி பண்ணையை மூடியபோது
சம்பளப் பாக்கிக்கென்று மச்சினனிடம் தள்ளியவை,
மச்சினன் கடன்பாக்கிக்கென்று என்னிடம் தள்ளியவை.
பிறந்ததிலிருந்து மண்ணை மிதிக்காத கால்கள்.
இறக்கிவிட்டதும் சுட்டதுபோல
ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில் நின்றது.
அப்புறம் ரெண்டு கருங்கோழி.
அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
விட்ட இடத்தில் கிளறின.

"சாதி சாதியாக் கொண்டாந்து
ஒரே கூட்டுல அடைச்சா
கொத்திக்கிட்டுச் சாவும் வே"
என்றார் அடுத்த தோட்டத்து மாசானம்.
வெயிலில் வந்தவர்.
ஜெபக்கனி நீட்டிய தண்ணீரை
வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

கொத்தத்தான் செய்தன.
பெருவிடை தின்று முடிக்கும்வரை
மற்றவை முருங்கைக்கடியில் நின்றன.
ஒரு லெகானின் வாலடியில் ரத்தம்.
அதைப் போட்டது பெருவிடை இல்லை,
கூடப் பிறந்த வெள்ளைகள்தான்.
சிவப்பைக் கண்டதும் மூணுக்கும் ஒரே ஆசை.
வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன்.
ஜெபக்கனி தவிட்டை மூணு சட்டியாக்கி
மூணு மூலையில் வைத்தாள்.
அதற்குப் பிறகு சண்டை சட்டிக்கு இல்லை,
கூட்டின் மேல்கம்புக்கு.

ஆடிக்காற்று கணவாய் வழியாக இறங்கியது.
நாலரை மணிக்குக் காத்தாடி இறக்கையின் நிழல்
எங்கள் முற்றத்தைக் கடக்கும்.
ஒன்று. ரெண்டு. மூணு.
மறுபடி ஒன்று.
தொடும்போதெல்லாம் லெகான்கள் அலறி
விறகுக்கடியில் நுழைந்தன.
பெருவிடை கழுத்தை நீட்டி
ஆகாயத்தை ஒரு கை பார்க்க நின்றது.
கருங்கோழிகள் கிளறிக்கொண்டே இருந்தன.
மனுசன் இப்படி இருக்கணும் என்று
தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

பத்துப் பதினெட்டு நாளில்
பெருவிடையும் நிமிர்வதை விட்டது.
லெகான்கள் விடவில்லை.
ஒவ்வொரு இறக்கைக்கும் புதுசாகப் பயந்தன.
சவத்து மூதிகள், தூங்கவிடுதா என்று
தலையணையை எறிந்திருக்கிறேன் ஒருநாள்.

அன்றைக்கு
மூணு நிழலுக்கு நடுவே நாலாவதாக ஒன்று வந்தது.
எண்ணிக்கொண்டிருந்தவர் யாருமில்லை.
வெள்ளைகள் எப்போதும்போல் கத்தின.
பெருவிடை ஏனோ அன்றைக்கு
அந்தக் கத்தலை நம்பியது.
சண்டைக்குப் பிறந்தது,
ஓடிப்போய் விறகுக்கடியில்
நடுங்குகிற வெள்ளைகளுக்கு நடுவே தலையைச் செருகியது.
கருங்கோழி ஒன்று
நிமிரவேயில்லை.

ஜெபக்கனி விளக்குமாற்றை எறிந்தாள்.
ராஜாளி பிடி நழுவி
வேலிக்கு அப்பால் போட்டுவிட்டுப் போனது.
மாசானம்தான் தூக்கிவந்தார், சூடு ஆறாமல்.
முற்றத்தில் வைத்தார், கொஞ்சம் நின்றார்.
தண்ணீர் கேட்டார்.
சொம்பை உயர்த்தி, உதடு படாமல், மடக் மடக்கென்று.
"எல்லாரும் அப்படித்தான் குடிப்பாங்க" என்றேன்.
ஜெபக்கனி சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குக் கிளம்புமுன் கூட்டுக்குள் டார்ச் அடித்தேன்.
மேல்கம்பில் பெருவிடை.
அதன் இடப்பக்கம் ஒட்டி
வாலடி ஆறிய அந்த லெகான்.
யார் யாருக்கு இடம் கொடுத்தது, தெரியவில்லை.
மிச்சமிருந்த கருங்கோழி
கீழே, மூலையில்,
கண் மூடாமல்.

பதினோரு வருசமாக இந்தக் காத்தாடிக்கடியில் உட்காருகிறேன்.
நிலா இருந்தால் இறக்கை
நாற்காலியை, மடியை, சாப்பாட்டுத் தூக்கைக் கடந்து போகும்.
நேற்றுத்தான்
ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன்.