ஐந்தாவது கால்

மூன்று மாதக் குழந்தைகளுக்கான சட்டை.
நெஞ்சில் ஒரு ஆட்டுக்குட்டி போதும்
என்று எழுதியிருந்தான் பையர்.
வேலம்பாளையத்தில் ஸ்க்ரீன் போடுகிறவன் நான்.
என் கைக்கு வருவது பிலிம் மட்டும்;
கறுப்பு, சுத்தம், ஒரே கோடு.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவனும் வரவில்லை.
டிசைன் ரூமில் சௌடேஸ்வரி
முகம் கழுவ எழுந்து போயிருந்தாள்.
மேசைமேல் பழைய டெலிவரி சலான்கள்,
பின்பக்கம் முழுக்கப் பென்சில்.
கேட்காமல் எடுத்துப் பார்த்தது தப்புத்தான்.

முதல் தாளில் ஆடே இல்லை.
ஒரு மூட்டை, அதற்குக் கீழே நான்கு குச்சி.
அடுத்ததில் மூட்டைக்குக் காது முளைத்திருந்தது;
நாய் என்று சொன்னாலும் நம்பலாம்.
அதன்மேல் கோபமாக ஒரு கிறுக்கல்.
கிறுக்கலின் வளைவொன்றைப்
பென்சில் திரும்பப் போய் அழுத்தியிருந்தது,
தொலைத்த சாவியைத்
தேடின இடத்திலேயே மறுபடி தேடுவது மாதிரி.
அந்த வளைவுதான் பிற்பாடு முதுகு.

ஓரத்தில் ‘பால் பாக்கி 64’.
பெயரில்லாமல் ஒரு செல் நம்பர்.
டீ கிளாஸ் வட்டத்துக்குள் நுழையப் பார்த்த கொம்பு –
குட்டிக்கு ஏது கொம்பு என்று
அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்,
பாதியில் நிற்கிறது.

வரைகிறவர்கள் மண்டைக்குள்
ஆடு முழுசாகக் கட்டிக் கிடக்கும்,
கயிற்றை அவிழ்த்தால் தாளுக்கு வந்துவிடும்
என்று நினைத்திருந்தேன்.
இல்லை போல.
வேலியோரம் இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி,
முள்ளில் மூக்கைக் குத்திக்கொண்டு
கைதான் முன்னால் போகிறது.
புத்தி பின்னாலேயே ஓடுகிறது,
ஏய், நில்லு, எங்க போறே என்று.

ஒன்பதாவது தாளில் ஐந்து கால்.
முன்னங்கால் ஒன்றை
இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.
எதையும் அழிக்கவில்லை.
குட்டி துள்ளியது.
சத்தியமாகத் துள்ளியது,
டீசல் வராத அந்த மங்கலுக்குள்.

“அது ரஃப்புங்ணா, அக்கட்டால வைங்க” என்றாள்
ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி.
“இந்தக் காலை விட்டுட்டீங்களே?”
“பையர் எண்ணிப் பார்ப்பானுங்ணா.”

கரண்ட் வந்தது.
நான்கு கால் பிலிமை எக்ஸ்போஸ் செய்தேன்.
பன்னிரண்டாயிரம் பீஸ், ஒரு கோணல் இல்லை.

போன வாரம் அவினாசி பஸ்ஸில்
ஒரு கைக்குழந்தை அந்தச் சட்டையோடு.
காதர்பேட்டையில் வாங்கிய ரிஜெக்ட் பீஸாக இருக்கும்.
நெஞ்சில் ஆட்டுக்குட்டி சமர்த்தாக நின்றது.
குழந்தைதான் உதைத்துக்கொண்டே வந்தது.
பூண்டி தாண்டும்வரை பார்த்தேன்,
எத்தனை கால் என்று
எண்ண முடியவில்லை.