முத்து வாங்க வந்தவள்

கல்தூமா வந்தபோது
அடுப்பில் சோளக் கூழ்.
அக்கரையில் படகுக்குக் காத்து நின்றதில்
நீல நைலின் சேறு
அவள் கணுக்கால்வரை காய்ந்திருந்தது.
கையில் ஒரு முழம் பருத்தித் துணி,
கஞ்சி போகாத புதுத் துணி.
அதைப் பார்த்ததுமே
எதற்கு வந்தாள் என்று தெரிந்துவிட்டது.

"எத்தனை போட்டிருக்கு?"

நான் எண்ணவில்லை.
நெற்றியில் தொடங்கியது, கழுத்துக்கு இறங்கியது,
நேற்று உள்ளங்காலில் இரண்டு.
"நிறைய" என்றேன்.
"நிறைய எனக்கு வேண்டாம்.
என் நுவாராவுக்கு நாலு வயசு.
பதினாலு முத்து போதும்.
என்ன விலை?"

சென்னார் சந்தையில்
உப்புக்கட்டிக்கு அரை நாள் பேசுகிறவள் நான்.
என் குரல் கேட்டால் ஒட்டகக்காரர்கள்
தராசை மறைப்பார்கள்.
இப்போது நாக்கு எழவில்லை.
உள்ளே கயிற்றுக் கட்டிலில்
தஃபல்லா முனகுகிறான்.

சும்மா எடுத்துக்கொள் என்று சொல்லக் கூடாது.
விலை கொடுக்காத முத்து பிடிக்காது என்பார்கள்,
பிடித்தாலும்
கண்ணைக் கேட்கும் என்பார்கள்.

"முத்துக்கு ஒரு பேரீச்சை" என்றாள் அவளே.
"இரண்டுக்கு ஒன்று போதும்."
நிமிர்ந்து பார்த்தாள்.
விற்கிறவள் விலையைக் குறைத்தால்
வாங்குகிறவளுக்குப் பயம் வரும்.
"கெட்ட அம்மையா?" என்றாள், மெதுவாக.
துணி அவள் முதுகுக்குப் பின்னால் போனது.

அவளிடம் எப்படிச் சொல்வது.
போன கோடையில் நானும்
ஒரு முழத் துணியோடு
கொல்லர் தெருவில் ஒரு வாசலில் நின்றேன்.
நல்ல அம்மை. தனித்தனியாக உருண்ட முத்து.
அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து
வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தது.
பத்துக்குப் பதினைந்து கேட்டாள் அதன் தாய்.
பத்துக்குப் பத்து என்றேன்.
பதின்மூன்றுக்கு இறங்கினாள்.
நான் நடையைக் கட்டினேன்,
தெருமுனை தாண்டுமுன் கூப்பிடுவாள் என்று.
சந்தையில் எப்போதும் கூப்பிடுவார்கள்.

மூன்று பேரீச்சை.

"நீயே வந்து பார், கல்தூமா."
வந்தாள்.
அவள் கன்னத்திலும் பழைய குழிகள், என் கன்னத்திலும்.
எங்களுக்கு அந்த அறையில் பயமில்லை.
குனிந்தாள்.
முகத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது,
கையில் மட்டும் இடைவெளி விட்டு.
வெகுநேரம் பார்த்தாள்.
போகட்டும் என்றும் நினைத்தேன்,
போய்விடுவாளே என்றும்.
"எங்க தெருவில் மூணு வீடு பூட்டியாச்சு" என்றாள்,
என்னிடம் இல்லை, சுவரிடம்.
"முத்துக்கு ஒன்று. அதுக்குக் குறைஞ்சா வேண்டாம்."
"சரி" என்றேன்.

காப்புக் கட்டுவதுபோலத்தான் கட்டினாள்
தோள்பட்டைக்குக் கீழே,
அத்தனை தளர்வாக.
தஃபல்லா கண் திறக்கவில்லை.
"அம்மா, என்ன எடுக்கிறாங்க?"
"உன்கிட்ட இருக்கிறதில் கொஞ்சம்."
"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

பொழுது சாய்ந்ததும் துணியை அவிழ்த்து மடித்தாள்.
பதினாலு பழம் எண்ணி வைத்தாள்.
நான் மறுபடி எண்ணினேன்.
பழக்கம்.

மறுபிறை கண்டபின்
படகுக்காரன் சொன்னான்:
நுவாராவுக்கு மூன்று இரவு காய்ச்சலாம்,
மொத்தமே ஒன்பதுதான் போட்டதாம்,
பொருக்கு உதிர்ந்து
கரையில் ஆட்டுக்குட்டியை விரட்டுகிறாளாம்.
சொல்லிக்கொண்டே என் முற்றத்தைப் பார்த்தான்.
கயிற்றுக் கட்டில் இன்னும்
வெயிலிலேயே கிடந்தது.
உள்ளே எடுத்துப் போடவில்லை நான்.

அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

துணி முடிச்சில் பதினாலும் அப்படியே இருந்தன,
தோல் சுருங்கி.
ஐந்தை எடுத்து அவன் கையில் வைத்தேன்.
"கல்தூமாவிடம் கொடு."
"எதுக்கு?"
"கணக்கு."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.
துடுப்பு விழும் சத்தம் கேட்டது.
கரை விட்ட படகை
ஓடிப்போய்க் கூப்பிட்டு நிறுத்தி
இன்னும் மூன்று கொடுத்தேன்.