பன்னிரண்டாம் இலக்கு

கப்பலேறி வந்த மான்.
கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி
அம்பாங் மேட்டுச் சரிவில்
பன்னிரண்டு என்று எண் எழுதி நட்டுவைத்தார் சொர்ணலிங்கம்.
உடம்பெல்லாம் ஃபோம்.
தோலுக்கு மட்டும் அக்டோபர் நிறம்,
சாம்பலும் பழுப்புமாய்,
உதிர்ந்த இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளத் தோதாக.

இங்கே எந்த மரமும்
சொல்லிவைத்தாற்போல் உதிர்வதில்லை.
ஒரு கிளை பழுத்தால்
பக்கத்துக் கிளை தளிர்விடும்.
இத்தனை பச்சைக்கு நடுவே
ஒளிய வழியில்லாமல் நிற்கிறது அது
ஆறு வருடமாக,
தப்பான உடையில் விருந்துக்கு வந்தவரைப் போல.

விலாவில் ஒரு சதுரத் துண்டு; கழற்றி மாட்டலாம்.
மாதம் ஒருமுறை யோகன் இதயம் மாற்றுவான்.
பழையவை ஸ்டோர் மூலையில் கிடக்கும்.
பொத்தல்களில் எறும்பு குடியேறும்.

சொர்ணலிங்கம் மிச்சிகனில் படித்தவர்.
விடியுமுன் மரத்தில் ஏறிவிட வேண்டுமாம்.
நாலு மணி நேரம் அசையக் கூடாதாம்.
மூச்சு புகையுமாம்.
கீழே சருகு நொறுங்கினால்
வருகிறது என்று அர்த்தமாம்.
"அடிச்சீங்களா சார்?"
என்று கேட்டால்
டீயைக் கலக்குவார்.

எனக்கு மருத்துவமனையில் சம்பளப் பட்டியல் தட்டுகிற வேலை.
போன தீபாவளி போனஸில் வாங்கிய வில்
நாற்பது ராத்தல் இழுவை.
அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

ஐப்பசி.
மூன்று நாளாய் நாலு மணிக்குத் தவறாத மழை.
எது நடந்தாலும் ஓசை எழாதபடி
ஊறிக் கிடந்தது தரை.
இழுத்தேன். நாண் உதட்டைத் தொட்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
பன்னிரண்டாம் மானின் கால்களுக்கு நடுவே
இன்னும் நான்கு கால்கள்,
பென்சில் கனத்தில்.

சருகுமான்.
பூனையளவுகூட இல்லை.
உதிராத இந்த ஊரில்
பெயரில் மட்டும் சருகைச் சுமந்தபடி
விழுந்த ஜம்புக்காயை மென்றுகொண்டிருந்தது.

நாற்பது ராத்தலும்
தோளில் ஏறி உட்கார்ந்தது.
இதயம் எங்கே இருக்கும் என்று
எனக்கு நன்றாகத் தெரியும்,
முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே.
அளவு மட்டும்
ஒரு சுண்டைக்காய் இருக்குமோ என்னவோ.
குறி ஒரு முழம் கீழே இறங்கியது.
நானாக இறக்கவில்லை
என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.

ஒன்பது. பத்து. பதினொன்று.
பின்னால் யோகன் தும்மினான்.

ஓடியதைப் பார்க்கவில்லை.
இருந்த இடத்தில்
பாதி ஜம்புக்காய் இருந்தது.

விடாமல்,
விரல் விரலாய்,
நாணைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.
முழங்கை நெடுநேரம் நடுங்கியது.
அட்டையில் பன்னிரண்டுக்கு நேரே
கோடு போட்டான் யோகன்.
"ஏன்க்கா அடிக்கல?"

ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றினேன்.
சீனி காலையிலேயே கரைந்துபோன டீ.
கலக்கினேன்.