புள்ளி

நான் கொடுத்தனுப்பிய மூடி போட்ட டப்பாவில்
தேன்மதி பாசிமணி சேர்த்து வைத்திருக்கிறாள்.
மலம் வந்தது தீப்பெட்டியில்,
பூவரச இலையில் மடித்து.

"ரெண்டு வாரமா இருமல் சார்,
ராத்திரி பூரா பல்லைக் கடிக்கிறா" என்றாள் ராக்கு.
போன வெள்ளிக்கிழமை ஊருணிக் கரையில்
வெளிக்குப் போனபோது ஒன்று விழுந்ததாம்.
சாண் நீளம். வெளுப்பு.
மண்புழு ஏறிவிட்டதென்று
பிள்ளையைத் தூக்கி உதறியிருக்கிறாள்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர்,
குச்சி முனையளவு மலம். குழைத்து
மேலே சில்லு மூடிக்
கண்ணை வைத்தேன்.

பழுப்புப் பொன்னாய் ஒன்று.
தள்ளினால் இன்னொன்று, அதை ஒட்டி மூன்று.
வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய
நேமத்தான்பட்டிச் சுவர்களை
ஊர் பார்க்க வருகிறவர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.
இது முட்டை தனக்குத்தானே கட்டிக்கொண்ட சுவர்.
மூன்று சுற்று.
நிழல் மண்ணில் வருடக்கணக்காய்க் கிடக்கும்,
வெயிலுக்கு மட்டும்தான் பயம்.

உள்ளே கரு தெரிகிறது.
அப்படியென்றால் ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது.
நகரத்தார் கோயில் கணக்கில்
கல்யாணம் ஆன பிறகே புள்ளி.
அந்தக் கணக்குப்படி
ஆறு வயது வயிற்றுக்குள்
குறைந்தது ஒரு புள்ளி குடியிருக்கிறது,
வரி கட்டாமல்.

தேன்மதி இருப்பது அறுபது சன்னல் வீட்டின் பின்வாசல் அறை.
அப்பன் சொர்ணமுத்து காவல்.
முகப்பு, பட்டாலை, வளவு எல்லாம் பூட்டு.
சினிமாக்காரர்களுக்காகக் கட்டிய கக்கூசுக்கும் பூட்டு.
சாவிக்கொத்து சொர்ணமுத்துவின் இடுப்பில்,
திறக்கிற உரிமை சென்னையில்.

புழுவுக்கும்
கொண்டுவிற்கப் போகிற காலம் ஒன்று உண்டு.
நகத்து மண்ணோடு இறங்கும், குடலில் பொரியும்,
சுவரைத் துளைத்து ஈரல், இதயம்,
நுரையீரலில் சில நாள் தங்கல்,
இருமலில் ஏறித் தொண்டையில் திரும்பி
விழுங்கப்பட்டு
புறப்பட்ட குடலுக்கே வந்து சேரும்.
ரங்கூன் போனவர்கள் தேக்கோடு திரும்பினார்கள்.
இது வெறுங்கையோடு வரும்.
வந்து, பிள்ளை தின்பதைத் தின்னும்.
நாளுக்கு இரண்டு லட்சம் முட்டை.

மாத்திரையை என் முன்னாலேயே மெல்ல வைத்தேன்.
மாம்பழ வாசனை.
"இன்னொன்னு" என்று கை நீட்டினாள்.
ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் தருவார்கள் என்றேன்.

"செத்து விழுகிறதை எங்க போயி
விழ வைக்கிறது சார்?"
ராக்கு குரலை உயர்த்தவில்லை.
ஊருணிக் கரையில் வேண்டாம் என்று சொல்ல
வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

பேரேட்டை இழுத்தேன்.
பெயர். வயது. முடிவு: உண்டு.
முகவரி: மு.சித. வீடு.
கொஞ்சம் யோசித்து,
பின்பக்கம் என்று சேர்த்தேன்.

அவர்கள் போனதும்
அந்தத் தீப்பெட்டியை எரிக்க
ஒரு தீப்பெட்டி தேடினேன்.