காயும் நேரம்

பயிற்சிக்குத் தந்த ரப்பர் கை
பைக்குள் முழுதாய் அடங்கவில்லை.
மதுரை பஸ்ஸில் ஜிப்புக்கு வெளியே
ஐந்து விரலையும் நீட்டிக்கொண்டு
பரமக்குடி வரை யாரையோ கூப்பிட்டபடியே வந்தது.
"இதுக்கு அரை டிக்கெட்டாம்மா?" என்றார் கண்டக்டர்.
சிரித்தேன்.
இருபத்தோரு நாள் படிப்பு.
முஃபீதா என்ற என் பெயர்
சான்றிதழில் முபிதா.

கீழக்கரையில் பள்ளிவாசலுக்குப் பின்சந்து.
தையல் பாத்திமுத்து ஒதுக்கித் தந்த அரை அறை.
ஒரு மேசை, ஒரு விளக்கு,
மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய
நாற்பத்தெட்டு நிறம்.
போர்டு எழுத வந்த பையன் கேட்டான்,
"நகக்கலை நிபுணர்னு போட்டுரவா?"
நிபுணர் வேண்டாம், நகம் என்று மட்டும் போடு என்றேன்.
முதல் வாரத்தில்
இரண்டு பேர் சங்கிலி அடகு வைக்க வந்தார்கள்.

மற்ற நேரமெல்லாம்
ரப்பர் கைக்கே பூசினேன், அழித்தேன், பூசினேன்.
அதற்கு வலிக்காது.
அதுதான் அதன் கோளாறு என்று
சீனி ருக்கையாவின் மோதிர விரலில் தெரிந்தது.
அரம் ஓரத்தோலில் ஏறிவிட்டது.
"ஸ்ஸ்" என்றாள், கையை மட்டும் இழுக்கவில்லை.
பாதிக் காசு போதும் லாத்தா என்றேன்.
"முழுசாவே தாரேன். அடுத்த தடவை பாத்துச் செய்யி."
அடுத்த தடவை!
அன்று இரவு அந்தச் சொல்லோடு படுத்தேன்.

நகத்தில் நீர் படாதபடி மூடுவது என் வேலை.
ஒளு செய்ய நகத்தில் நீர் பட்டாக வேண்டும்.
இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கிறது
மாதத்தில் ஆறேழு நாள்.
அந்த நாள்களில் வருகிறார்கள்.
எதற்கு இன்று என்று நான் கேட்பதில்லை.
"செவ்வாக்கெழம எடுத்துவிட்டுரணும்" என்பார்கள்,
தேதி குறித்துக்கொள்வேன்.
வெறும் பெயர், வெறும் தேதி.
ஆனாலும் அந்த நோட்டைத்
தம்பி கண்ணில் படாமல்
அரிசி டப்பாவுக்குள் வைக்கிறேன்.

நேற்று ஹினாயா லாத்தா.
பத்து விரலிலும் இரண்டாம் பூச்சு முடிந்து
விளக்கைப் போடப் போகும்போது
கரண்ட் போனது.
ஜெல் அப்படியே ஈரமாய் நிற்கிறது.
எதையும் தொட முடியாது அவளால்,
மூக்கு அரித்தால்கூட நான்தான்.
அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து போன்.
தள்ளிவிட்டுக் காதில் பிடித்தேன்.
கேட்காதது மாதிரி மின்விசிறியைப் பார்த்தேன்,
அதுவும் நின்றிருந்தது.
"என்ன கலரு?" என்கிறார் அவர்.
"நீங்க போன வருஷம் அனுப்புன துண்டு இருக்குல்ல, அது."
அதன்பின் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
எனக்குக் கை வலித்தது.
போனை எடுக்கவில்லை.

அப்புறம்தான் தோன்றியது,
விளக்குக்குள் இருப்பதும் ஒருவகை வெயில்தானே.
"மாடிக்கு வாங்க லாத்தா."
வேண்டிக்கொள்வது போல் கைகளை ஏந்தி
அவள் படி ஏற,
நழுவிய முக்காட்டைப் பின்னாலிருந்து நான் இழுத்துவிட,
மேலே பனை ஓலையில் நெத்திலி காய்கிறது.
இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே
ஒரு சாண் கடல்,
அதில் பாதிப் படகு.

நெத்திலிக்குப் பக்கத்தில்
பத்து விரலை விரித்து உட்கார்ந்தாள்.
விளக்கில் ஒரு நிமிடம் என்றால் இங்கே எவ்வளவு?
பாடத்தில் இல்லை.
ஆயிரம் வரை எண்ணினேன்.
என் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஒட்டவில்லை, ஒட்டவில்லை,
இடது கட்டைவிரல் ஒட்டியது.
"இருக்கட்டும்" என்றாள், "எனக்கு என்ன அவசரம்?"

கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.
கரண்ட் வந்துவிட்டது.
நாங்கள் இறங்கவில்லை.

மதுரை டீச்சருக்கு
இன்று போன் போட்டுச் சொல்ல வேண்டும்.
விளக்கு இல்லாவிட்டாலும் காயும் மேடம்,
எங்க ஊர் வெயிலே போதும்.
காக்கா விரட்ட மட்டும்
கூட ஒரு ஆள் வேணும்.