முழுகிப்போன அடகு

காரைக்குடி, பழம்பொருள் கடை வரிசை.
எனாமல் தூக்குகளுக்கும்
கை உடைந்த ஜப்பான் பொம்மைக்கும் நடுவே
ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கித்தாபு.

"அரபு மாந்திரீகம்மா, மூவாயிரம்" என்றார் வயிரவன்.
மாந்திரீகம் இல்லை, அகீதா என்றேன்.
அப்படின்னா?
நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்கிற பாடம்.
"வீடு கட்ட வானம் தோண்டுற மாதிரி?"
ஆமாம்.
மண்ணுக்குள் தோண்டுவதற்கும் நாம்
வானம் என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்.

கறுப்பு மசியில் அரபு வரி. அதன் அடியில்
எறும்புச் சாரையாய், அரபு எழுத்திலேயே தமிழ்.
புத்தியின் தீர்ப்பு மூன்று, என்று தொடங்குகிறது.
இல்லாமல் இருக்க முடியாதது.
இருக்கவே முடியாதது.
இருந்தாலும் இல்லாவிட்டாலும் புத்தி மறுக்காதது.
வாஜிப், முஸ்தஹீல், ஜாயிஸ்.

புதுவயல் அரிசி ஆலையில்
எடைமேடைக்குச் சீட்டுப் போடுகிறவள் நான்.
மூட்டை ஏற்றிய லாரி காலி லாரியைவிடக் கனக்கும்: வாஜிப்.
ஒரே லாரி ஒரே நொடியில் காலியாகவும் நிறைந்தும் நிற்கும்: முஸ்தஹீல்.
வழியில் டிரைவர் ஒரு மூட்டையை விற்றிருப்பார்:
ஜாயிஸ்.
மாதக் கடைசியில்
கிட்டத்தட்ட வாஜிப்.

பூச்சி அரித்த துளை ஒன்று, குண்டூசி அளவு.
அட்டையில் நுழைந்து,
உலகம் ஒரு நாள் உண்டாக்கப்பட்டது என்பதற்கான
ஆதாரங்களைத் துளைத்து
(நீயும் அந்த ஆதாரத்தில் ஒன்று என்று
பூச்சிக்கு யார் சொல்வது)
பதினாலாம் தாளுக்கு வந்து
'அவனைப் போல எதுவும் இல்லை' என்ற வரியில்
அந்த 'இல்லை'யை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
அவனைப் போல எதுவும்,
அப்புறம் ஓட்டை,
ஓட்டைக்குள் அடுத்த தாளின் ஒரு புள்ளி.

பின்னட்டையில் ஒரு துண்டுச் சீட்டு, வட்டிக்கடை எழுத்து.
மோல்மேன் கடை, பிரபவ வருசம், மாசி ஒன்பது.
ராவுத்தர் கித்தாபு ஒன்று. ரூபாய் நாலு.
வட்டி மாசம் ஓரணா.
மீட்ட தேதி:
அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கடைசிப் பாடம் நீளமானது.
ஆதாரம் அறியாமல்,
பிறர் சொல்லக் கேட்டு நம்புகிறவனின் ஈமான் செல்லுமா?
செல்லாது என்பவர் உண்டு.
செல்லும், ஆனாலும் தேடாதது குற்றம் என்பவர் உண்டு.
ஓரத்தில் யாரோ பென்சிலில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அத்தனை ஆதாரத்தையும் நாலு ரூபாய்க்கு வைத்துவிட்டு
எங்கே போனீர், ராவுத்தரே?
அரிசிக்கா, காய்ச்சலுக்கா, கப்பல் சீட்டுக்கா?
அன்று இரவு எதை வைத்துத் தொழுதீர்?
நெற்றியை வைத்துத்தான்.
வேறெதை.

கூட்டிப் பார்த்தேன்.
இன்றுவரை முதலும் வட்டியும் எண்பதைத் தொடவில்லை.
சொன்னேன். வயிரவன் சிரித்தார்.
"கூட்டுவட்டி போட்டுப் பாருங்கம்மா,
இந்தத் தெருவையே எழுதி வாங்கலாம்."
வட்டி எனக்கு ஹராம், அவருக்கு ஞாபகம்.
இரண்டாயிரத்து இருநூறில் முடித்தோம்.

இரவு ஷிப்டில் ஆள் இல்லாத நேரம்
கித்தாபை எடைமேடை நடுவில் வைத்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
பூஜ்யம்.
சிவப்பு எண்ணில், நடுங்காமல், பூஜ்யம்.

எடுத்துவந்து பதினாலாம் தாளைப் பிரித்தேன்.
அவனைப் போல எதுவும், என்று வாசித்து
ஓட்டைக்கு வந்தபோது
நாக்கு நிற்கவில்லை.

வெளியே பதினெட்டு டன் நெல்
ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.